விரலுக்குத் தகுந்த வீக்கம்: சிறிய இசைக்குழுவுக்கு ஏற்ற ஒலிபெருக்கி அமைப்பு



ஆண்டிதழுக்குக் கட்டுரை வேண்டும் என்று கழகச் செயலவையினர் கேட்டபோது தயங்கினேன். நான் படித்தது பொறியியல். வார இறுதியில் செய்வது பாட்டுக் கச்சேரி. இலக்கியம் எழுதும் தகுதி எனக்கில்லை. "உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள், அண்ணா" என்றார் செயலாளர் தங்கை. இருபது ஆண்டுகளாக எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒலிபெருக்கிப் பெட்டி தூக்குவதுதான். ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே போனதும் நண்பர்களோடு சேர்ந்து குழு அமைக்க நினைப்பவர்களுக்கு இது பயன்படும். மேடையில் பேச்சும் கவிதையும் நடத்துகிற கழகத்துக்கும் பயன்படும் என நம்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பட்டர்வொர்த் பக்கம் ஒரு திருமண விருந்தில் வாசித்தோம். எங்கள் குழுவில் அறுவர்: பாடகர் இருவர், விசைப்பலகை, கித்தார், தபேலா, புல்லாங்குழல். அன்று வாடகைக்கு எடுத்திருந்தது பெரிய அமைப்பு. 15 அங்குலப் பெட்டிகள் இரண்டு, தரையில் 18 அங்குல அடியொலிப் பெட்டிகள் இரண்டு. மண்டபத்தில் இருந்தவர்கள் நூற்றைம்பது பேர்தான். இடைவேளையில் முன் வரிசையில் இருந்த பாட்டி ஒருவர் எங்கள் பாடகியைக் கைகாட்டி அழைத்தார். "ஏம்மா, நல்லாத்தான் பாடுற. ஆனா என்ன பாட்டுன்னே தெரியலையே. வெறும் சத்தந்தான் காதுல விழுது" என்றார்.

அந்தப் பாடகி நம் கழகத்தின் முன்னாள் உறுப்பினர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர். மாணவர்கள் ழகரத்தைத் தவறாக உச்சரித்தால் உணவு இறங்காது அவருக்கு. பாலம் கடந்து தீவுக்குத் திரும்பும் வரை அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. அதே இரவு அடியொலிப் பெட்டியை வேனில் ஏற்றும்போது எங்கள் தபேலாக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு மாதம் அவரால் தரையில் உட்கார்ந்து வாசிக்க முடியவில்லை.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அன்றைய சன்மானம் 1,500 ரிங்கிட். ஒலி அமைப்பு வாடகை 600, வேன் வாடகை 150. மீதி 750 ரிங்கிட்டை ஆறாகப் பிரித்தால் ஆளுக்கு 125. தபேலாக்காரரின் மருத்துவச் செலவு அதற்கு மேல் போயிற்று. "சொல் கேட்காத பாட்டை எதற்குப் பாட வேண்டும்? இப்படியே போனால் நான் விலகிக்கொள்கிறேன்" என்று பாடகி அந்த வாரமே சொல்லிவிட்டார். குழு உடையும் நிலைக்கு வந்தபிறகுதான் நாங்கள் உட்கார்ந்து யோசித்தோம். அந்த யோசனையின் சாரம்தான் இந்தக் கட்டுரை.

1. இடம் அறிந்து வாங்குதல்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த ஓராண்டில் எங்கெங்கு வாசித்தீர்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதுங்கள். நாங்கள் எழுதியபோது வியப்பாக இருந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் பிறந்தநாள், தாமான் பொது மண்டபத்தில் நிச்சயதார்த்தம், முதியோர் இல்லத்தில் தீபாவளி உபசரிப்பு, தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழா, ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடு ஒன்றில் இயங்கும் காப்பிக்கடை என்று பெரும்பாலானவை ஐம்பதிலிருந்து இருநூறு பேருக்குள் அடங்கும் நிகழ்ச்சிகள். ஐந்நூறு பேருக்கு மேல் வந்த திறந்தவெளி நிகழ்ச்சி ஆண்டுக்கு இரண்டுதான்.

அந்த இரண்டு நாளை மனத்தில் வைத்துப் பெரிய அமைப்பு வாங்கினால், மற்ற எல்லா நாளும் அதைச் சுமக்க வேண்டும். பெரிய நிகழ்ச்சிக்கு வாடகைக்கு எடுங்கள். அன்றாட நிகழ்ச்சிக்குச் சொந்தமாக வாங்குங்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

2. வாட் கணக்கில் ஏமாறாதீர்கள்

கடையில் முதலில் காட்டப்படுவது வாட் எண். "இது 1,000 வாட், அது 2,000 வாட்" என்பார்கள். வாட் என்பது பெட்டிக்குள் செலவாகும் மின்திறனைக் குறிப்பது. நம் காதில் விழும் ஒலியை அளப்பது டெசிபல். மின்திறனை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். அது காதுக்குச் சிறிதளவே தெரியும். இரண்டு மடங்கு உரக்கக் கேட்பதுபோல் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு மின்திறன் தேவை. ஆகவே 1,000 வாட்டுக்கும் 2,000 வாட்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு விலைச்சீட்டில் தெரியும் அளவுக்குக் காதில் தெரியாது. மேலும் அட்டையில் அச்சிடப்படும் எண் பெரும்பாலும் ஒரு நொடிக்கும் குறைவான உச்சத் திறன். தொடர்ந்து தரக்கூடிய திறன் எவ்வளவு என்று கேளுங்கள்.

அதைவிட முக்கியமானது 'ஒரு மீட்டரில் உச்ச ஒலி அழுத்தம்' என்று விவரத்தாளில் இருக்கும் எண். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறையும். ஒரு பெட்டி ஒரு மீட்டரில் தொடர்ந்து 116 டெசிபல் தரும் என்று வைத்துக்கொள்வோம். 2 மீட்டரில் 110, 4 மீட்டரில் 104, 8 மீட்டரில் 98, 16 மீட்டரில் 92. சாப்பிட்டுக்கொண்டே பேசும் விருந்துக் கூட்டத்தின் இரைச்சல் 75 டெசிபல் இருந்தாலும், கடைசி மேசைக்காரருக்குப் பாட்டு தெளிவாகக் கேட்கும். சுவரும் கூரையும் உள்ள மண்டபத்தில் ஒலி எதிரொலித்துத் திரும்புவதால் குறைவு இன்னும் சிறியது. ஆக, இருநூறு பேருக்கு நல்ல 10 அங்குலப் பெட்டிகள் இரண்டு போதும் என்பது எங்கள் அனுபவம்.

3. சொல் கேட்க வேண்டும்

பாட்டியின் குறை ஒலி போதவில்லை என்பதன்று. ஒலி மிகுதியாக இருந்தது என்பதே. தமிழில் உயிரெழுத்துகளுக்கு ஒலிவலிமை அதிகம். ஆனால் ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுவதில் மெய்யெழுத்துகளின் பங்கு பெரிது. மெய்களின் தெளிவுக்கு வேண்டிய ஒலிகள் பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியில் இருக்கின்றன. தாளக்கருவிகளின் அடியொலியும் விசைப்பலகையின் இடக்கைச் சுரங்களும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ் இருப்பவை. கீழொலி மிகும்போது அது மேலே உள்ள ஒலிகளை மறைத்துவிடும். ஓடு பதித்த தரையும் வெறுஞ்சுவரும் உள்ள நம் மண்டபங்களில் கீழொலி சுழன்றுகொண்டே இருக்கும். கேட்பவருக்குத் தாளம் தெரியும், சொல் தெரியாது.

இதற்கு மருந்து எளியது. முதலாவது, பாடகர் ஒலிவாங்கிகளில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ள ஒலியை வெட்டும் பொத்தானை எப்போதும் அழுத்தி வையுங்கள். இரண்டாவது, பெட்டிகளைத் தாங்கியில் ஏற்றி, அமர்ந்திருப்பவர் தலைக்கு மேலே இருக்குமாறு வைத்து, மக்களை நோக்கித் திருப்புங்கள். சுவரைப் பார்த்து நிற்கும் பெட்டி எதிரொலியைத்தான் வளர்க்கும். மூன்றாவது, சிறிய மண்டபத்தில் தவிலுக்கும் உருமிக்கும் ஒலிபெருக்கியே வேண்டாம். அவை இயல்பாகவே ஊருக்குக் கேட்கும் கருவிகள். நான்காவது, அடியொலிப் பெட்டி கட்டாயமில்லை. நாங்கள் அதை வாங்கவே இல்லை. யாரும் இதுவரை கேட்கவும் இல்லை.

4. எடை

முன்பு ஒலிபெருக்கி என்றால் மரப்பெட்டி, கனமான காந்தம், தனியாக ஓர் இரும்பு ஒலிமிகைப்பி. 15 அங்குலப் பெட்டி ஒன்றைத் தூக்க இருவர் வேண்டும். இன்று நிலைமை மாறியிருப்பதற்குக் காரணங்கள் மூன்று. 'கிளாஸ் டி' வகை ஒலிமிகைப்பி குறைந்த வெப்பத்தில் இயங்குவதால் கனமான வெப்பத்தகடுகள் தேவையில்லை. மின்மாற்றியின் இடத்தில் எடை குறைந்த சுவிட்ச் முறை மின்வழங்கி வந்துவிட்டது. பெட்டி நெகிழியாலும், சில வகைகளில் காந்தம் நியோடிமியத்தாலும் செய்யப்படுகின்றன. யமஹாவின் டி.பி.ஆர்.10 என்னும் 10 அங்குலப் பெட்டி ஏறக்குறைய பத்தரைக் கிலோ. ஒலிமிகைப்பி அதற்குள்ளேயே இருக்கிறது. ஓர் அரிசி மூட்டையை ஒரு கையில் தூக்குவதுபோல் ஒருவரே தூக்கிப் போகலாம்.

பினாங்கில் எடைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2021 தொடக்கத்திலிருந்து பெர்ரியில் மகிழுந்துகளை ஏற்றுவதில்லை. பயணிகளும் மோட்டார் சைக்கிள்களும்தான் போகலாம். பெருநிலத்துக்குச் சாமான் போக வேண்டுமென்றால் பாலம்தான் வழி. வேன் இல்லாமல் ஒரு மைவி மகிழுந்தின் பின்னிருக்கையை மடித்து எல்லாவற்றையும் அடக்க முடியுமா என்பதே எங்கள் அளவுகோலாக இருந்தது. இரண்டு பெட்டிகள், இரண்டு தாங்கிகள், கலவைக் கருவி, ஒலிவாங்கிப் பை, கம்பிப் பை எல்லாம் சேர்ந்து ஐம்பது கிலோவுக்குள் அடங்கின. வேன் வாடகை மிச்சமானது.

5. மூன்று வழிகள்

சிறிய குழுவுக்கு இன்று மூன்று வகை அமைப்புகள் உள்ளன.

முதல் வகை, தாங்கியில் ஏற்றும் இரண்டு பெட்டிகளும் தனிக் கலவைக் கருவியும். கொடுக்கும் பணத்துக்கு அதிக ஒலி தருவது இதுதான். ஒன்று பழுதானாலும் மற்றொன்றைக் கொண்டு நிகழ்ச்சியை முடிக்கலாம். பிறகு வளர்ந்தால் அடியொலிப் பெட்டியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வகை, தூண் வடிவ அமைப்பு. போஸ் நிறுவனம் 2003இல் எல்1 என்னும் பெயரில் கொண்டுவந்த பிறகு இவ்வகை பரவியது. மெல்லிய தூணில் சிறிய ஒலிபெருக்கிகள் வரிசையாக இருக்கும். அடியில் அடியொலிப் பெட்டி. ஒலி பக்கவாட்டில் அகலமாகப் பரவும். மேலும் கீழும் குறைவாகப் போகும். கூரையில் பட்டுத் திரும்பும் ஒலி குறைவதால் சொல் தெளிவாக இருக்கும். நீண்டு ஒடுங்கிய கடைவீடுகளுக்கு இது மிகப் பொருத்தம். ஆனால் விலை கூடுதல்.

மூன்றாவது வகை, மின்கலத்தில் இயங்கும் ஒற்றைப் பெட்டி. போஸ் எஸ்1 புரோ போன்றவை ஏறக்குறைய 7 கிலோ எடையில், ஒரு முறை மின்னேற்றினால் பல மணி நேரம் இயங்குகின்றன. ஒருவர் பாட, ஒருவர் கித்தார் வாசிக்க, முப்பது நாற்பது பேர் கேட்க ஏற்றவை. ஆறு பேர் குழுவுக்கு இணைப்புத் துளைகளும் போதா, ஒலியும் போதாது.

நாங்கள் முதல் வகையைத் தேர்ந்தெடுத்தோம். முதியோர் இல்லங்களுக்கு மட்டும் போகும் குழுவாக இருந்தால் மூன்றாவதை எடுத்திருப்போம். எது சிறந்தது என்பதற்குப் பொதுவான விடை இல்லை. நீங்கள் எழுதிய அந்தத் தாள்தான் விடை.

6. கலவைக் கருவியும் ஒலிவாங்கியும்

துளைகளை எண்ணி வாங்குங்கள். எங்களுக்குப் பாடகர் இருவருக்கு 2, அறிவிப்பாளருக்கு 1, புல்லாங்குழலுக்கு 1, தபேலாவுக்கு 2, கித்தாருக்கு 1, விசைப்பலகைக்கு 2, மடிக்கணினிக்கு 2 என மொத்தம் 11. பன்னிரண்டு துளைக் கருவி போதுமானது. கைப்பலகைக் கணினி வழியாக இயக்கும் எண்ணியல் கலவைக் கருவிகள் எடை குறைந்தவை. மண்டபத்தின் நடுவில் நின்றுகொண்டே ஒலியைச் சரிசெய்யலாம். ஆனால் கம்பியில்லா இணைப்பு அறுந்தால் கை கட்டப்பட்டதுபோல் ஆகிவிடும். கருவியின் உள்ளிருக்கும் இணைப்பை நம்பாமல் தனியாக ஒரு ரூட்டர் வைத்துக்கொள்வது நல்லது.

ஒலிவாங்கியில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஷூர் எஸ்.எம்.58 என்னும் ஒலிவாங்கி 1966இல் வந்தது. இன்றும் மேடைகளில் அதைக் காணலாம். எதிரிலிருந்து வரும் குரலை எடுத்துக்கொண்டு பின்னாலிருந்து வருவதைப் பெரும்பாலும் தள்ளிவிடும் வகை அது. ஆகவே மேடை ஒலிபெருக்கியை ஒலிவாங்கியின் பின்பக்கத்தில் வைத்தால் 'கீச்' என்ற ஊளைச் சத்தம் எளிதில் வராது. ஒலிவாங்கியின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிக்கும் பழக்கத்தைப் பாடகர்கள் விட வேண்டும். பொத்தினால் அந்தத் தடுப்பாற்றல் போய்விடும்.

பழைய கம்பியில்லா ஒலிவாங்கி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், அது எந்த அலைவரிசையில் இயங்குகிறது என்று பாருங்கள். 2019இல் பழைய முறைத் தொலைக்காட்சி ஒளிபரப்பு நிறுத்தப்பட்ட பிறகு 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி கைப்பேசிச் சேவைக்குப் போய்விட்டது. அந்த அலைவரிசையில் இயங்கும் கருவி வீண் செலவு.

7. மின்சாரமும் மழையும்

வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் கருவி நம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஏற்றதா என்று பாருங்கள். 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் மூன்று முனைச் செருகியின் தரைமுனையைத் துண்டிக்கும் பழக்கம் சிலரிடம் உள்ளது. உலோக ஒலிவாங்கியை உதட்டருகே பிடித்துக்கொண்டு ஒருவர் பாடுகிறார் என்பதை மறக்க வேண்டாம். தரைமுனையைத் துண்டிப்பது உயிரோடு விளையாடுவது. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே சுவர்ச்செருகியிலிருந்து மின்சாரம் எடுத்தாலே அந்த இரைச்சல் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் விசைப்பலகைக்கும் கணினிக்கும் 'டி.ஐ.' பெட்டி போடுங்கள்.

நம்முடையது கடற்காற்றும் ஈரமும் உள்ள ஊர். கம்பி முனைகள் பச்சைப் பிடித்துப்போகும். பையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களைப் போட்டு வையுங்கள். திறந்தவெளி நிகழ்ச்சிக்குப் போகும்போது பெரிய நெகிழித் தாள் இரண்டு கட்டாயம். மழை வந்தால் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள், பிறகு பெட்டியை மூடுங்கள். பதற்றத்தில் பலரும் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்.

8. ஒலி, ஒளி, ஒழி

கடையில் ஒலிக்கும் மெல்லிசைப் பாட்டைக் கேட்டுப் பெட்டியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எந்தப் பெட்டியிலும் அது இனிமையாகத்தான் இருக்கும். எங்கள் பாடகி ஒரு சோதனை வைத்தார். தெரிந்தவர்களிடம் இரண்டு வகைப் பெட்டிகளை ஒரு நாள் இரவல் வாங்கி, தாமான் மண்டபம் ஒன்றில் வைத்தோம். அவர் மேடையில் நின்று சொற்களைக் கலந்து கலந்து வாசித்தார்: ஒலி, ஒளி, ஒழி, வலி, வளி, வழி, அலை, அளை, அழை. நாங்கள் ஐவரும் கடைசி வரிசையில் நாற்காலி போட்டு, காதில் விழுந்ததை எழுதினோம். பின்னணியில் விசைப்பலகை ஒலித்துக்கொண்டிருந்தது.

முதல் பெட்டியில் நான் இருபதுக்குப் பதினொன்று, இரண்டாவதில் பதினேழு. இரண்டாவது பெட்டி சிறியது, விலையும் குறைவு. அதையே வாங்கினோம். தபேலாக்காரர் இரண்டிலும் என்னைவிடக் குறைவாக எடுத்தார். "அது பெட்டியின் குற்றமன்று" என்றார் ஆசிரியர்.

9. காதுக்கும் ஓர் எல்லை

2019இல் நடப்புக்கு வந்த மலேசிய வேலையிட இரைச்சல் விதிமுறைகள், எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபலை எல்லையாக வைத்துள்ளன. ஒலி 3 டெசிபல் கூடும்போதெல்லாம் பாதுகாப்பான நேரம் பாதியாகும். 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான். மூன்று மணி நேரக் கச்சேரியில் ஒலிபெருக்கி அருகே நிற்கும் நாமே முதலில் பாதிக்கப்படுவோம். முன் வரிசையில் இருப்பவர்கள் பெரும்பாலும் தாத்தா பாட்டிகளும் குழந்தைகளும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

1960களின் இறுதியில் பினாங்கில் உருவாகி, டேவிட் ஆறுமுகம், லோகநாதன் சகோதரர்களின் குரலால் நாடறிந்த அலிகேட்ஸ் குழுவைப் பற்றி எங்கள் தலைமுறை பெருமையாகப் பேசுவதுண்டு. மலாய்ப் பாடல்களால் புகழ்பெற்ற அவர்களின் பாட்டு இன்றும் பலர் வாயில் இருப்பதற்குக் காரணம், சொல்லும் இராகமும் மனத்தில் தங்கியதுதான். அன்று எத்தனை வாட் ஒலித்தது என்று யாருக்கும் நினைவில்லை.

எங்கள் குழு உடையவில்லை. கருவிகளுக்குப் போட்ட பணம் பதினான்கு நிகழ்ச்சிகளில் திரும்பி வந்துவிட்டது. தபேலாக்காரர் இப்போது கம்பிப் பையை மட்டும் தூக்குகிறார். தைப்பூசம் போன்ற பெருங்கூட்டத்துக்கு இன்றும் எங்கள் பெட்டிகள் போதா. அப்போது வாடகைக்குத்தான் எடுக்கிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கழகத்தினருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பேச்சுப் போட்டிக்கோ கவியரங்குக்கோ மண்டபத்தை ஏற்பாடு செய்யும்போது, தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்னதாக ஒருவர் மேடையில் நின்று 'ஒலி, ஒளி, ஒழி' என்று சொல்லட்டும். இன்னொருவர் கடைசி வரிசையில் எழுதட்டும். மூன்றும் மூன்றாகக் கேட்டால் நிகழ்ச்சியைத் தொடங்குங்கள். கேட்காவிட்டால் ஒலியைக் கூட்டாதீர்கள், அடியொலியைக் குறையுங்கள்.